லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கு வைஃபை அடாப்டர் வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது?

மாடிவீடு:

வணக்கம் நண்பர்களே. தங்கச்சி குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள். அவளுக்காக ஒரு பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் வாங்கினேன். நான்காம் தலைமுறை ஐ3, எச்81 போர்டு, 8 ஜிபி ரேம், ஒரு சின்ன எஸ்எஸ்டி. இந்தச் சிபியுவுக்கு விண்டோஸ் 11 கிடையாது என்பதால் லினக்ஸ் மின்ட் 21.3 போட்டேன், நன்றாகவே ஓடுகிறது, அவளுக்கும் இரண்டே நாளில் பழகிவிட்டது. பிரச்சினை இன்டர்நெட் மட்டும்தான். ரவுட்டர் கீழே ஹாலில் இருக்கிறது, கம்ப்யூட்டர் மாடி அறையில். வாடகை வீடு, சுவரில் ஓட்டை போட்டு கேபிள் இழுக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அதனால் பக்கத்துக் கடையில் 550 ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கி வந்தேன், பெட்டியில் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் போட்டிருந்தது.

செருகினால் வைஃபையாக வரவில்லை, ஃபைல் மேனேஜரில் ஒரு சிடி மாதிரி வந்து நின்றது, உள்ளே விண்டோஸ் டிரைவர் மட்டும். எங்கெங்கோ தேடி, அந்தச் சிடியை ரைட் கிளிக் செய்து எஜெக்ட் கொடுத்து, கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் இருந்து ஒரு டிரைவரை இறக்கி அதோடு வந்த ஸ்கிரிப்டை ஓட்டினேன். வேலை செய்தது. மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை போய்விட்டது, அன்று மாலை அவளுக்கு ஆன்லைனில் மாதிரித் தேர்வு இருந்தது, போனில் எழுதினாள். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

இதற்கு மேல் மல்லுக்கட்டாமல் நல்லதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன், 1,500 ரூபாய் வரை போகலாம். செருகினால் ஓட வேண்டும், அப்டேட்டுக்கு அப்டேட் சாகக்கூடாது, அவ்வளவுதான் தேவை. எந்தக் கம்பெனி அடாப்டர் லினக்ஸுக்கு நம்பி வாங்கலாம்? யுஎஸ்பியா, உள்ளே போடுகிற கார்டா? அப்புறம், பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப முடியாது என்றால் வாங்கும் முன் எப்படித்தான் தெரிந்துகொள்வது?

கட்டளைவரி:

எந்தக் கம்பெனி என்று கேட்டால் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது தம்பி, கேட்க வேண்டியது எந்தச் சிப் என்று. அடாப்டர் விற்கிற கம்பெனிகளில் பெரும்பாலானவை சிப் செய்வதில்லை, வேறொருவரிடம் வாங்கி பிளாஸ்டிக் உறை போட்டு விற்கிறார்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு உறையின் பெயர் தெரியாது, உள்ளே இருக்கிற சிப்பைத்தான் தெரியும். இதைவிடப் பெரிய சிக்கல், ஒரே மாடல் பெயரை வைத்துக்கொண்டே நடுவில் சிப்பை மாற்றிவிடுவார்கள். எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் டிபி-லிங்க் டிஎல்-டபிள்யுஎன்722என். அதன் முதல் வெர்ஷனில் ஏத்தெராஸ் ஏஆர்9271 சிப், லினக்ஸில் செருகிய நொடியில் ஓடும். வெர்ஷன் 2, 3 இரண்டிலும் ரியல்டெக் கம்பெனியின் ஆர்டிஎல்8188இயுஎஸ், அது முற்றிலும் வேறு சாதனம். பெட்டி, ஆண்டெனா, பெயர் எல்லாம் அதேதான். பழைய பதிவுகளைப் படித்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்லி வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அதனால் மாடல் பெயரோடு வெர்ஷன் எண்ணையும் சேர்த்துத்தான் தேட வேண்டும், அடாப்டரின் பின்பக்க ஸ்டிக்கரில் 'வெர்' என்று சின்னதாக இருக்கும்.

பெட்டியில் 'லினக்ஸ்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் பொய் இல்லை, ஆனால் நீங்கள் நினைத்த அர்த்தமும் இல்லை. அவர்கள் தளத்தில் ஒரு ஜிப் ஃபைல் இருக்கும், அதில் டிரைவரின் மூல நிரல் இருக்கும், எப்போதோ வந்த ஒரு கெர்னலுக்காக எழுதியது. நீங்களே கம்பைல் செய்துகொள்ள வேண்டும், அதாவது அதை ஓடும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும், கெர்னல் மாறினால் திரும்பவும் செய்ய வேண்டும். நமக்கு வேண்டியது அது இல்லை, கெர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கிற சிப். அப்படி இருந்தால் கெர்னல் அப்டேட் ஆகும்போது டிரைவரும் கூடவே வந்துவிடும், நீங்கள் எதையும் தொட வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்து நிச்சயமாகச் சொல்லக்கூடியவை இவை. ஏஆர்9271, பழையது, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், காகிதத்தில் 150 எம்பிபிஎஸ், ஆனால் கல் மாதிரி நிற்கும், சிப்புக்குள் ஓடுகிற மென்பொருளான ஃபர்ம்வேர்கூடத் திறந்த மூலம். மீடியாடெக் எம்டி7601யு, 2015இல் வந்த 4.2 கெர்னலிலிருந்து உள்ளே இருக்கிறது, விரல் நுனி அளவு மலிவான டாங்கிள்களில் வரும், அதுவும் 2.4 மட்டும்தான். எம்டி7610யு, எம்டி7612யு இரண்டும் 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கும், 2018இல் வந்த 4.19இலிருந்து உண்டு. இரண்டில் 7612தான் எனக்குப் பிடித்தது, இரண்டு ஆண்டெனா, ஆல்ஃபா ஏடபிள்யுயுஎஸ்036ஏசிஎம் என்ற அடாப்டரில் இதுதான் இருக்கிறது, ஆனால் உங்கள் 1,500க்குள் வருமா என்பது சந்தேகம். வைஃபை 6 வேண்டுமென்றால் எம்டி7921ஏயு, ஆனால் அதற்கு 2022இல் வந்த 5.18 கெர்னலாவது வேண்டும், மின்ட் 21இல் முதலில் வருகிற 5.15 போதாது. ரியல்டெக்கின் 8811சியூ, 8821சியூ, 8822பியூ போன்ற சிப்களுக்கு 2023இல் வந்த 6.2இலிருந்து உள்ளேயே டிரைவர் வந்துவிட்டது. 8811ஏயு, 8812ஏயு இரண்டுக்கும் 6.14 அல்லது அதற்குப் பிந்தைய கெர்னல் இருந்தால் வெளியிலிருந்து எதையும் இறக்க வேண்டாம். இதெல்லாம் வருடா வருடம் மாறுகிறது, நான்கைந்து வருடத்துக்கு முந்தைய பதிவில் 'இது லினக்ஸில் ஓடாது' என்று இருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வாங்கும் முன் சிப்பைத் தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி உண்டு. பல அடாப்டர்களின் பின்னால் எஃப்சிசி ஐடி என்று ஒரு குறியீடு இருக்கும், அமெரிக்காவில் விற்க அனுமதி வாங்கிய சாதனங்களுக்குக் கொடுப்பது. அந்த எண்ணை வைத்துத் தேடினால் அனுமதிக்காகக் கொடுத்த ஆவணங்களில் உறையைப் பிரித்து எடுத்த உள்படங்களும் பெரும்பாலும் கிடைக்கும், பல படங்களில் சிப்பின் மேல் அச்சிட்டிருக்கிற எண்ணையே படிக்கலாம். கடையில் நின்றுகொண்டு போனிலேயே பார்த்துவிடலாம்.

சரி, முதலில் இருப்பதைப் பார்ப்போம். டெர்மினலில் யுஎஸ்பி சாதனங்களைக் காட்டும் 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளையும் கெர்னல் எண்ணைக் காட்டும் 'யுநேம் -ஆர்' கட்டளையும் அடித்து என்ன வருகிறது என்று சொல்லுங்கள். புதிதாக வாங்காமலேயே முடிந்தாலும் முடியலாம்.

மாடிவீடு:

ரொம்ப நன்றி அண்ணா, இவ்வளவு விவரமாக யாரும் சொல்லவில்லை. கெர்னல் 5.15தான். எல்எஸ்யுஎஸ்பி அடித்தால் அடாப்டர் வரிசையில் 'டிஸ்க்' என்று ஒன்று வருகிறது. சிடியை எஜெக்ட் செய்துவிட்டு மறுபடி அடித்தால் அந்த வரி மாறி 8811சியூ என்று வருகிறது. ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினேன், 'ஹெடர்ஸ் இல்லை' என்று நின்றுவிட்டது, கம்ப்யூட்டருக்கு வேறு நெட் இல்லாததால் அதை இறக்கவும் முடியவில்லை.

கட்டளைவரி:

அப்படியென்றால் அந்த அடாப்டரை எறிந்துவிடாதீர்கள், சரியான கெர்னல் இல்லாததுதான் காரணம். நடந்தது இதுதான். நீங்கள் ஓட்டிய ஸ்கிரிப்ட் அன்றைக்கு இருந்த கெர்னலுக்கு மட்டும் ஒரு மாட்யூலை, அதாவது கெர்னலோடு சேர்கிற டிரைவர் துண்டைக் கட்டி வைத்தது. ஞாயிற்றுக்கிழமை கெர்னலின் கடைசி எண் ஒன்று கூடியிருக்கும், புதிய கெர்னலின் கோப்புறையில் அந்த மாட்யூல் இல்லை. டிகேஎம்எஸ் என்ற பொதியை முதலிலேயே போட்டிருந்தால் ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதுவே திரும்பக் கட்டிக்கொண்டிருக்கும். அதுவும் எப்போதும் காப்பாற்றாது, கெர்னலின் உள் அமைப்பு மாறினால் பழைய மூல நிரல் கம்பைல் ஆகாமல் நிற்கும். கையெழுத்து இல்லாத நிரலைத் தடுக்கிற செக்யூர் பூட் ஆனில் இருந்தால் நாமே கட்டிய மாட்யூலுக்கு நாமே கையெழுத்துச் சாவி பதிவு செய்ய வேண்டும், அது தனித் தலைவலி. கெர்னலோடு வருகிற மாட்யூலுக்கு இந்தக் கவலை எதுவுமே இல்லை, அதனால்தான் திரும்பத் திரும்ப உள்ளே இருக்கிற டிரைவர் என்கிறேன்.

நெட் இல்லாமல் எப்படி இறக்குவது என்றால், உங்கள் ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜ் போடுகிற கேபிளால் கம்ப்யூட்டரில் செருகுங்கள், போனில் வைஃபை ஆனிலேயே இருக்கட்டும், செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லினக்ஸுக்கு அது கம்பி வழி நெட்வொர்க்காகத் தெரியும், எந்த டிரைவரும் வேண்டாம். புதிதாக லினக்ஸ் போடுகிறவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் அப்டேட் மேனேஜரைத் திறந்து, 'வியூ' மெனுவில் 'லினக்ஸ் கெர்னல்ஸ்' என்று இருக்கும், அதில் 6.8 வரிசையைத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள். ரீஸ்டார்ட். 'யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச்' பொதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் போடுங்கள், சிடி வேடத்திலிருந்து வைஃபை வேடத்துக்கு மாற்றுகிற வேலையை அது தானாகப் பார்க்கும். விண்டோஸில் டிரைவரைத் தனிச் சிடி இல்லாமல் கொடுக்கத்தான் இப்படிச் செய்கிறார்கள், பழைய 3ஜி டேட்டா கார்டுகளிலும் இதே முறைதான்.

ஒன்றை மறக்காதீர்கள். அந்த மாதிரி ஸ்கிரிப்டுகள் கெர்னலின் சொந்த டிரைவர் தன்னோடு மோதக்கூடாது என்று அதைத் தடை செய்து ஒரு சின்னக் கோப்பை எழுதி வைத்துவிடும். ரூட்டில் 'இடிசி' கோப்புறைக்குள் 'மோட்ப்ரோப்.டி' என்று ஒன்று இருக்கும், அதற்குள் 8821சியூ (உங்கள் 8811சியூவுக்கும் அதே டிரைவர்தான்) என்ற பெயரில் கோப்பு இருந்தால் திறந்து பாருங்கள், 'பிளாக்லிஸ்ட்' என்ற வரி கண்ணில் படும். டிரைவரோடு வந்த அன்இன்ஸ்டால் ஸ்கிரிப்டை ஓட்டினாலே அதையும் எடுத்துவிடும், அது முடியவில்லை என்றால் அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதைச் செய்யாமல் புதிய கெர்னல் போட்டும் ஓடவில்லை என்று சொல்கிறவர்கள் நிறைய.

ரிச்சிதெரு_பழக்கம்:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் டெஸ்க்டாப் என்றால் என் கருத்து வேறு. உங்களிடம் இருப்பது எச்81 போர்டு, அதில் கார்டு செருகுகிற சின்னத் துளையான பிசிஐஇ எக்ஸ்1 ஸ்லாட் குறைந்தது ஒன்றாவது சும்மா கிடக்கும். அதை விட்டுவிட்டு யுஎஸ்பியில் தொங்குவது ஏன்? உள்ளே போடுகிற கார்டு ஒரு தடவை பூட்டினால் பூட்டினதுதான், கை தட்டிக் கழன்று வராது, சூடாகி விட்டுவிட்டு வராது, ஆண்டெனாவும் பெரிது. லினக்ஸில் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இன்டெல் சிப் இருக்கிற கார்டு. ஏஎக்ஸ்200 என்றால் 5.1 கெர்னலிலிருந்து, ஏஎக்ஸ்210 என்றால் 5.10இலிருந்து 'ஐடபிள்யுஎல்வைஃபை' என்ற டிரைவரில் ஓடும், அதை இன்டெல் ஆட்களே பராமரிக்கிறார்கள்.

இதில் விழக்கூடிய குழி ஒன்று இருக்கிறது. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று 1இல் முடிகிற எண்கள் மலிவாகக் கிடைக்கும், வாங்கிவிடாதீர்கள். அவை சிஎன்விஐ என்ற முறையில் பாதி வேலையை இன்டெலின் புதிய சிபியுவும் சிப்செட்டும் செய்யும் என்று நம்பிச் செய்யப்பட்டவை, உங்கள் நான்காம் தலைமுறைப் போர்டில் அது வெறும் தகடு. ஏஎம்டி போர்டிலும் ஓடாது. 0இல் முடிகிற 200, 210 இரண்டும்தான் சாதாரண பிசிஐஇ. இந்த ஒற்றை எண் வித்தியாசத்தைக் கடைக்காரர்களிலேயே பலர் கவனிப்பதில்லை.

புதுக் கார்டு உங்கள் பட்ஜெட்டைத் தாண்டினால் ஒரு நல்ல வழி சொல்கிறேன், நானே பல டெஸ்க்டாப்களுக்கு இப்படித்தான் செய்து கொடுத்திருக்கிறேன். வீட்டிலோ தெரிந்தவரிடமோ செத்துப்போன லேப்டாப் ஏதாவது இருக்கிறதா? டிஸ்பிளே போனது, மதர்போர்டு போனது, எதுவானாலும் பரவாயில்லை. அடிப்பக்க மூடியைத் திறந்தால் தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வைஃபை கார்டு இருக்கும், கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஒயர் போகும். அதைக் கழற்றி, பிசிஐஇ எக்ஸ்1 மாற்றி போர்டு ஒன்று வாங்கி அதில் பூட்டினால் டெஸ்க்டாப் கார்டு தயார். சென்னை ரிச்சி தெருவில் இந்த மாற்றி போர்டு ஆண்டெனாவோடு சேர்த்தே கிடைக்கிறது, ஆன்லைனிலும் உண்டு. ஸ்டிக்கரில் இன்டெல் 7260, 7265, 8265 என்றோ, ஏத்தெராஸ் ஏஆர்9485 என்றோ இருந்தால் யோசிக்காமல் எடுங்கள். பிராட்காம் என்றிருந்தால் பாருங்கள், பலவற்றுக்குத் தனி டிரைவர் பொதி போட வேண்டிவரும்.

ஆனால் போர்டு வாங்கும் முன் கார்டைக் கையில் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் இரண்டு வடிவம் உண்டு. பழையது மினி பிசிஐஇ, கொஞ்சம் அகலம், பல்வரிசையில் ஒரு வெட்டு. அடுத்து வந்தது எம்.2, ஒல்லி. இரண்டுக்கும் மாற்றி போர்டு வேறு வேறு. ஆண்டெனா ஒயர் மாட்டுகிற குமிழும் வேறு, மினி பிசிஐஇயில் யு.எஃப்எல், எம்.2இல் அதைவிடச் சின்ன எம்எச்எஃப்4. ஒன்றின் ஒயரை இன்னொன்றில் அழுத்தினால் உட்காராது, பலம் போட்டால் குமிழ் பிய்ந்து வந்துவிடும், அப்புறம் அந்தக் கார்டை ஒன்றும் செய்ய முடியாது. ஒயரைச் செங்குத்தாக வைத்து விரல் நகத்தால் மெதுவாக அழுத்தினால் 'டிக்' என்று உட்கார வேண்டும். இந்த ஒரு இடத்தில்தான் நிதானம் வேண்டும், மற்றதெல்லாம் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்கிற வேலை.

கேபினட் ஒல்லி மாடலா, சாதாரண டவரா என்றும் பாருங்கள். ஆபீஸில் இருந்து வருகிற பல பெட்டிகள் ஒல்லி, அதற்குக் கார்டைப் பின்பக்கம் பூட்டுகிற தகடு குட்டையாக இருக்க வேண்டும்.

வன்னி_லேப்:

வணக்கம் தம்பி. நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன், ஒரு பாடசாலையின் கணனி அறையைப் பார்த்துக்கொள்கிறேன், பன்னிரண்டு கணனியும் லினக்ஸ்தான். வைஃபை அடாப்டரோடு நாங்களும் நிறையக் கஷ்டப்பட்டோம், அன்பளிப்பாக வந்தவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு சிப், ஒன்றுக்குச் செய்தது மற்றதுக்குச் சரிவராது, பிள்ளைகள் பாடத்துக்கு வந்து அமர்ந்த பிறகு நான் டெர்மினலோடு நிற்பேன். கடைசியில் அடாப்டர்களையே விட்டுவிட்டோம்.

என்ன செய்தோம் என்றால், யாரோ பாவித்து விட்ட பழைய ரவுட்டர்களை எடுத்து, அவற்றின் அமைப்பில் 'கிளையன்ட்' முறைக்கு மாற்றினோம். அப்போது அந்த ரவுட்டர் வைஃபையை வெளியே கொடுக்காமல் அலுவலக வைஃபையோடு தான் போய்ச் சேரும், அதன் பின்பக்க நான்கு துளைகளிலிருந்து சாதாரண நெட்வொர்க் கம்பியால் கணனிகளுக்குப் போகும். கம்பி வழி நெட்வொர்க்குக்கு லினக்ஸில் அநேகமாக எந்தப் போர்டுக்கும் டிரைவர் இருக்கிறது. கெர்னல் மாறட்டும், லினக்ஸே வேறாக மாறட்டும், கணனிக்கு வைஃபை என்று ஒன்று இருப்பதே தெரியாது. மூன்று ரவுட்டரில் பன்னிரண்டு கணனியும் இரண்டு வருடமாக ஓடுகின்றன. உங்களுக்கு ஒரு கணனி என்றால் ஒரு பழைய ரவுட்டரும் ஒரு மீட்டர் கம்பியும் போதும். ரவுட்டரின் சொந்த மென்பொருளில் கிளையன்ட் முறை இல்லாவிட்டால், ஓப்பன்டபிள்யுஆர்டி என்ற திறந்த மூல ரவுட்டர் மென்பொருளை ஏற்றக்கூடிய மாடலா என்று பாருங்கள், அதில் உண்டு.

ஒரு குறை சொல்ல வேண்டும். சாதாரண கிளையன்ட் முறையில் அந்த ரவுட்டர் தனக்கென்று ஒரு முகவரி வரிசை போட்டுக்கொள்வதால் மேல் அறைக் கணனிக்குக் கீழே இருக்கும் பிரின்டர் தானாகத் தெரியாது. இணையத்துக்கு மட்டும் என்றால் அது ஒரு பொருட்டே இல்லை. தங்கச்சி நன்றாகப் படிக்கட்டும்.

மாடிவீடு:

முதல் நல்ல செய்தி. போன் டெதரிங்கில் 6.8 கெர்னல் இறக்கினேன், எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம்தான் ஆனது. ரீஸ்டார்ட் செய்தும் வைஃபை வரவில்லை, கட்டளைவரி அண்ணா சொன்ன கோப்பு அப்படியே இருந்தது, நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை பட்டியல் வந்துவிட்டது. தங்கச்சி கைதட்டினாள்.

ஆனால் வேகம் இல்லை. கீழே லைன் 100 எம்பிபிஎஸ், மாடியில் அதே மேஜையில் போனை வைத்துப் பார்த்தால் 60க்கு மேல் வருகிறது, கம்ப்யூட்டரில் 9, 10. 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் நிற்கிறது. கேபினட்டுக்குப் பின்னால் நீல நிறப் போர்ட்டில் செருகியிருக்கிறேன்.

கட்டளைவரி:

நீலப் போர்ட் என்றால் யுஎஸ்பி 3. அதில் டேட்டா ஓடும்போது வெளிவரும் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே விழுகிறது, இன்டெலே 2012இல் இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. பின்னால் இரும்புப் பெட்டி வேறு சிக்னலை மறைக்கிறது. ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி, கறுப்பு யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகி, அடாப்டரை மேஜை மேல் கொண்டுவாருங்கள். யுஎஸ்பி 2 என்றால் மெதுவாகிவிடும் என்று பயப்பட வேண்டாம், அதன் உச்சம் 480 எம்பிபிஎஸ், உங்கள் லைன் 100தான். 8811சியூ ஒற்றை ஆண்டெனா, கெர்னலுக்குள் வந்த அதன் டிரைவரும் 6.8இல் இன்னும் இளசு, அதனால் போன் அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுத்து அதில் நேரடியாகச் சேர்ந்து பாருங்கள்.

அடிக்கடி விட்டு விட்டு வந்தால் நெட்வொர்க் மேனேஜர் வைஃபையின் மின் சேமிப்பை ஆன் செய்து வைத்திருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள். எப்படி என்று வேண்டுமானால் தனியாக எழுதுகிறேன்.

மாடிவீடு:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும் என்று முழுதாகவே சொல்கிறேன்.

நீட்டிப்புக் கேபிளில் அடாப்டரைக் கொண்டுவந்ததும் 10 என்பது 35 ஆனது. வகுப்பு வீடியோவுக்கு அது போதும். ஆனால் ரிச்சிதெரு அண்ணா சொன்னதைப் படித்ததிலிருந்து கை சும்மா இருக்கவில்லை. மாமா வீட்டுப் பரணில் டிஸ்பிளே உடைந்த லேப்டாப் ஒன்று ஆறு வருடமாகக் கிடந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டார். திறந்தால் இன்டெல் 7260, மினி பிசிஐஇ வடிவம். மாற்றி போர்டு, இரண்டு ஆண்டெனா, ஒயரோடு ஆன்லைனில் 640 ரூபாய். யு.எஃப்எல் என்று உறுதி செய்துகொண்டுதான் ஆர்டர் போட்டேன்.

பவர் கேபிளைப் பிடுங்கி, கேபினட் இரும்பைத் தொட்டுக்கொண்டு, நீங்கள் சொன்ன மாதிரி நகத்தால் அழுத்தி இரண்டு குமிழையும் உட்காரவைக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன். தங்கச்சி போன் டார்ச் பிடித்தாள். ஆன் செய்தோம், டெர்மினலைத் திறக்க வேண்டிய வேலையே வரவில்லை, மூலையில் வைஃபை குறி வந்து நின்றது. 5 கிகாஹெர்ட்ஸில் சேர்ந்து 92 எம்பிபிஎஸ். ஆண்டெனா கேபினட் பின்னால் சுவரைப் பார்த்து இருந்தபோது சிக்னல் -71, காந்தம் வைத்த அடியோடு ஒரு மீட்டர் ஒயர் உள்ள ஆண்டெனாவைப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் வாங்கி மேஜை மேல் வைத்ததும் -58 (பூஜ்ஜியத்துக்கு நெருங்க நெருங்க நல்லது). அதற்குப் பிறகு இரண்டு தடவை அப்டேட் வந்துவிட்டது, ஒரு கெர்னல் அப்டேட்டும் அதில் உண்டு, ஒன்றும் ஆகவில்லை.

பழைய அடாப்டர் என் சித்தப்பா மகனுக்குப் போகிறது, அவனும் 6.8 கெர்னல் போட்டிருக்கிறான். வன்னி_லேப் அண்ணா சொன்ன ரவுட்டர் வழியை என் நண்பன் அவன் கடையில் செய்து பார்க்கப் போகிறான், அங்கே மூன்று கம்ப்யூட்டர்.

ஒன்றே ஒன்று மட்டும் பாக்கி. வைஃபை வந்துவிட்டது, அதே கார்டில் இருக்கிற ப்ளூடூத் வரவில்லை. ஹெட்செட்டுக்கு இருந்தால் நன்றாக இருக்கும்.

ரிச்சிதெரு_பழக்கம்:

போர்டோடு ஒரு குட்டி ஒயர் வந்திருக்குமே, அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கார்டுகளில் வைஃபை பிசிஐஇ வழியாகப் போகும், ப்ளூடூத் யுஎஸ்பி வழியாகப் போகும். அந்த ஒயரின் ஒரு முனை மாற்றி போர்டில், மறுமுனை மதர்போர்டில் 'எஃப்_யுஎஸ்பி' அல்லது 'யுஎஸ்பி' என்று எழுதியிருக்கிற ஒன்பது ஊசி இடத்தில். ஒரு மூலையில் ஊசி இருக்காது, அதை வைத்துத் திசை பார்த்துச் செருகுங்கள்.

மாடிவீடு:

பெட்டியிலேயேதான் இருந்தது அண்ணா. செருகிவிட்டேன், ஹெட்செட் சேர்ந்துவிட்டது.